கிடைக்காத ஊசிமுனை

லுப்னா அந்தச் சத்தத்தை முதலில் மின்விசிறியின் தலையில்தான் போட்டாள். சாப்பிட்டு முடித்து, வானம் கறுத்துக்கொண்டு வந்த மதியம். மேசையில் மடிக்கணினி திறந்திருந்தது. ஜன்னலுக்கு வெளியே டாக்காவின் மொகம்மத்பூர் தெருவில் ரிக்‌ஷா மணிகள் ஒன்றோடொன்று சண்டை போட்டுக்கொண்டிருந்தன. அந்தச் சந்தடிக்கு நடுவில், வீட்டுக்குள்ளேயே எங்கோ, தரையோடு தரையாக எதையோ இழுக்கிற ஒரு சத்தம். கர்ர்ர்ர்... தட். கொஞ்சம் இடைவெளி. மறுபடியும், கர்ர்ர்ர்... தட். எழுந்து விசிறியை நிறுத்தினாள். இறக்கைகள் சுற்றித் தளர்ந்து நின்றன. சத்தம் நிற்கவில்லை.

அந்த வீட்டில் சக்கரம் வைத்த சாமான் ஒன்றும் கிடையாது. அம்மா சிட்டகாங்கில் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தாள். வேலைக்கு வருகிற பெண் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு எப்போதோ போய்விட்டாள். மேல்வீட்டுப் பிள்ளைகள் எதையாவது இழுத்து விளையாடுகிறார்கள் என்று லுப்னா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மேல்வீடு காலியாகிப் பூட்டிக் கிடப்பது அவளுக்கே தெரியும், தெரிந்தும் சொல்லிக்கொண்டாள். தனக்குத் தானே பொய் சொல்லிக்கொள்வதில் அவளுக்குக் கொஞ்ச நாளாகவே நல்ல பழக்கம் ஏற்பட்டிருந்தது.

அது என்ன சத்தம் என்று அவளுக்குத் தெரியும். காஜிப்பூரில், அந்தத் தையல் ஃபேக்டரியில், ஊசி உடைந்தால் கேட்கிற சத்தம் அது.

அங்கே அவள் போனது பிழைப்புக்காக இல்லை. பல்கலைக்கழகத்தில் ஷம்சுல் சாரின் ஆய்வு. குறைந்த கூலிக்கு உழைக்கிறவர்களிடம் கேள்வித்தாளை நீட்டினால் உண்மை வராது, அவர்களில் ஒருத்தியாக உள்ளே போய் இருந்து பார்க்க வேண்டும் என்பது சாரின் கட்சி. ஆளுக்கொரு ஃபேக்டரி என்று பிரித்துக்கொண்டார்கள். லுப்னா கைக்கடிகாரத்தைக் கழற்றினாள், நகத்தை ஒட்ட வெட்டினாள், சாயம் போன சல்வார் வாங்கிப் போட்டுக்கொண்டாள், வேறு யாருடைய அடையாள அட்டையிலோ புகுந்து பாரூல் ஆனாள். கண்ணாடியையும் கழற்றினாள். கண்ணாடி போட்டால் படித்த களை வந்துவிடுகிறதாம். ஊசிக்குக் கீழே துணியைத் தள்ளுகிற வேலைக்குப் போகிறவள், பார்வையை வீட்டில் கழற்றி வைத்துவிட்டுப் போனாள் பாருங்கள். வேஷம் போடுகிறவர்களுக்கு மட்டும்தான் இந்தப் புத்தி வரும்.

தகரக்கூரை அறைகள் வரிசையாக இருந்த ஒரு வளவில் மற்றப் பெண்களோடு பாய் விரித்துப் படுத்தாள். அடுப்புக்கு வரிசை, குழாய்க்கு வரிசை, கக்கூசுக்கு வரிசை. ஆரம்பத்தில் உள்ளூர ஒரு பெருமைகூட இருந்தது. கால் வீங்கியபோது, இதோ நானும் படுகிறேன் என்று நினைத்துக்கொண்டாள். எப்போது வேண்டுமானாலும் எழுந்து பஸ் ஏறிவிடலாம் என்பது அவளுக்கு மட்டும் தெரிந்த ரகசியம். அந்த ரகசியத்தைத் தலைக்கு வைத்துப் படுத்தால் கட்டாந்தரையும் அவ்வளவாக உறுத்தாது.

பக்கத்து மெஷின் ஜொஹுராவுடையது. ஜமால்பூர்க்காரி, ஒல்லி, வெற்றிலைச் சிவப்பு ஏறிய பல், ஓயாத வாய். அங்கே பெண்கள் எல்லோரும் ஒருவருக்கொருவர் ஆபாதான். அக்கா என்று அர்த்தமே தவிர வயசுக் கணக்கெல்லாம் யாரும் பார்ப்பதில்லை. வந்த அன்றைக்கே லுப்னா துணியைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்த் தடவித் தடவிப் பார்ப்பதைக் கவனித்துவிட்டு, "என்ன ஆபா, இப்படித் தொட்டுத் தொட்டுப் பாக்குற? அது துணிதான், மாப்பிள்ளை இல்ல" என்றாள். லைன் முழுக்கச் சிரித்தது. அன்றிலிருந்து லுப்னாவைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டாள் ஜொஹுரா. குழாயடியில் இடம் பிடித்து வைப்பாள், தன் சோற்றிலிருந்து ஒரு கை அள்ளி வைப்பாள், அவள் புருஷன் மொக்செத் இஸ்திரிப் பிரிவிலிருந்து எட்டிப் பார்த்தால் இரண்டு பேருமாகச் சேர்ந்து அவனைக் கிண்டல் செய்வார்கள்.

குழந்தைகளுக்கான கவுன் கப்பலேற வேண்டிய வாரம் அது. லுப்னாவின் மெஷினில் காலர்கள் குவிந்துபோயின. சூப்பர்வைசர் ஹெலால் வந்து, இன்னும் ஒரு தடவை லைன் நின்றால் வீட்டுக்குப் போய்ச் சட்டி கழுவு என்று கத்திவிட்டுப் போனான். அவன் முதுகு மறைந்ததும் ஜொஹுரா எழுந்தாள்.

"எந்திரி. என் சீட்ல உக்காரு. என்னுது நேர் தையல், கண்ணை மூடிக்கிட்டே ஓட்டலாம். உன் காலரை நான் முடிச்சுத் தரேன்."

இடம் மாறி உட்கார்ந்தார்கள். நேர் தையல்தான். ஆனால் மங்கிய கண்ணுக்கு விரல் எங்கே, துணி எங்கே என்பதே தெரியாதபோது நேர் என்ன, வளைவு என்ன. டிக் என்று ஒரு சின்னச் சத்தம். ஆள்காட்டி விரலின் நகத்துக்குப் பக்கத்தில் சுள்ளென்று இறங்கியது. கையை இழுத்துக்கொண்டாள். கவுனில் படாமல் ரத்தத்தைத் தன் சல்வாரில் துடைத்தாள். ஊசியின் அடித்தண்டு மெஷினில் நின்றது, நடுத்துண்டு மேசையில் கிடந்தது. முனையைக் காணோம்.

பச்சைக் குழந்தைகள் போடுகிற துணி. உடைந்த ஊசியின் கடைசித் துணுக்கு வரை கண்டெடுத்து, ஒரு தாளில் ஒட்டி, முழு ஊசி என்று காட்டினால்தான் புது ஊசி தருவார்கள். அதுவரை லைன் ஓடக்கூடாது. ஹெலால் காந்தத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான். நீளக் கம்பின் முனையில் பட்டையாக ஒரு காந்தம், அதற்கடியில் சின்னச் சக்கரங்கள். ஒரு சக்கரம் விண்டுபோனதால் கர்ர் என்று உருண்டு, நடுவில் ஒரு தட்டுத் தட்டும். மேசைக்கு அடியில், கூடைக்குள், எல்லோருடைய காலடியிலும் இழுத்துப் பார்த்தான். நூல் கத்தரி வந்தது, குண்டூசி வந்தது, முனை வரவில்லை.

லுப்னா விரலை அழுத்திப் பார்த்தாள். உள்ளே, சோற்றில் கல் அகப்பட்ட மாதிரி, கடினமாக ஒன்று நெருடியது.

ஒரு வார்த்தை. 'என் விரலில் இருக்கிறது' என்று ஒரே ஒரு வார்த்தை. சொன்னால் மருத்துவ அறைக்குக் கூட்டிப்போவார்கள், எக்ஸ்ரே எடுப்பார்கள், அட்டையைக் கேட்பார்கள், அட்டையில் இருப்பவள் இவளில்லை என்பது தெரிந்துபோகும். பாரூல் செத்துப்போவாள். ஆய்வு போய்விடும், சாரின் பெயர் போய்விடும், இத்தனை நாள் பட்ட பாடெல்லாம் வீணாகப் போய்விடும். இதையெல்லாம் அவள் நினைத்து முடிப்பதற்குள், யார் மெஷின் இது என்று ஹெலால் கேட்டான்.

"என் மெஷின், பாய். என் ஊசிதான்" என்றாள் ஜொஹுரா. பிறகு லுப்னாவின் காதோடு, "நீ புதுசு, உன்னை இப்பவே துரத்திருவான். என்னை என்ன பண்ணிருவான்? வாயை மூடிக்கிட்டு இரு."

லுப்னா வாயை மூடிக்கொண்டு இருந்தாள்.

சாப்பாட்டு மணி அடித்தது. முனை கிடைக்கிற வரைக்கும் நீ எழுந்திருக்கக் கூடாது என்று ஜொஹுராவுக்கு உத்தரவு. மேசைகளுக்கு அடியில் மூலை வரைக்கும் கம்பு நுழையவில்லை என்று அவள் காந்தத்தைச் சக்கரத்தோடு கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு தவழ்ந்தாள். லுப்னா தாண்டிப் போகும்போது மேசைக்கு வெளியே அவள் பாதங்கள் மட்டும் தெரிந்தன. வெடித்த குதிகால், அதில் அழுக்கு நூல் ஒட்டியிருந்தது. அடியிலிருந்து குரல் வந்தது: "நீ போய்ச் சாப்பிடு ஆபா. கிடைச்சதும் வந்துடறேன்."

போனாள். சோறு, கடுகெண்ணெய் விட்டுப் பிசைந்த உருளைக்கிழங்கு, பருப்பு. பசித்தது, மறுசோறும் வாங்கிக்கொண்டாள். அவள் இரண்டாம் தடவை பிசைந்துகொண்டிருந்தபோதுதான் சாப்பாட்டுக் கூடத்தின் விளக்குகள் ஒரு தடவை மங்கி, விசிறிகள் திணறி, பிறகு பழையபடி ஓடின. பெண்கள் "ஹோ" என்று கூவிச் சிரித்தார்கள். லுப்னாவும் சிரித்தாள்.

மெஷினின் இரும்புக் காலில் ஒயர் தோலுரிந்து கிடந்திருக்கிறது. அவர்கள் திரும்பி வந்தபோது பாதங்கள் அதே இடத்தில் இருந்தன. இழுத்து வெளியே போட்டார்கள். கண் திறந்திருந்தது. கையில் காந்தம். அந்த விரல்களை யாராலும் பிரிக்க முடியவில்லை.

இதய பலவீனம் என்று ஃபேக்டரி எழுதிக்கொண்டது. லுப்னா மறுநாளே டாக்கா பஸ் ஏறிவிட்டாள்.

வந்ததும் முதல் வேலையாக டாக்டரிடம் விரலைக் காட்டினாள். எக்ஸ்ரே படத்தில் ஒன்றுமே இல்லை. உள்ளே போயிருந்தால் ரத்தத்தோடு நடந்து எங்கேயாவது போயிருக்கும், இல்லையென்றால் போகவே இல்லை என்று டாக்டர் சிரித்தார். போகவே இல்லை என்பதை அவள் எடுத்துக்கொண்டாள். அப்படியென்றால் முனை தரையில்தான் கிடந்திருக்கிறது, ஜொஹுரா தேடியதில் தப்பில்லை, தான் பேசாமல் இருந்ததிலும் தப்பில்லை. எவ்வளவு வசதி. சாரும் தோளில் தட்டிக்கொடுத்தார். நடந்தது கொடுமைதான், ஆனால் வெளியே இருந்துகொண்டு யாருக்கும் கிடைக்காத விஷயம் இது, பெயரை மாற்றி எழுது என்றார். எழுதினாள். நன்றாகவே வந்தது. படித்தவர்கள் கண் கலங்கினார்கள். ஊசி யாரிடம் உடைந்தது என்பது மட்டும் அதில் இல்லை.

இன்றைக்குக் காலையில் மொக்செத்தின் போன் வந்தது. வளவுப் பெண்கள் யாரோ பாரூலின் நம்பரைக் கொடுத்திருக்கிறார்கள். சரக்கைக் கெடுப்பதற்காக ஜொஹுரா வேண்டுமென்றே ஊசிமுனையை ஒளித்தாள், புருஷன்தான் தூண்டிவிட்டான் என்று ஃபேக்டரி அவன்மேல் கேஸ் கொடுத்திருந்தது. நாளைக்கு ஸ்டேஷனில் விசாரணை. போனால் உள்ளே போட்டுவிடுவார்கள்.

"நீ பக்கத்து சீட்டு பாரூல் ஆபா. ஊசி எப்படி உடைஞ்சுதுன்னு நீ வந்து ஒரு வார்த்தை சொன்னா போதும். செத்தவ மேல பழி போடறாங்க."

லுப்னா சொல்ல வாயெடுத்தாள். வெளியே வந்தது என்னவோ வேறு. "நான் ஒண்ணும் பாக்கல, பாய்."

அவன் சம்பந்தமே இல்லாமல், "குளிப்பாட்டறப்பகூட விரலைப் பிரிக்க முடியல ஆபா. காந்தத்தோடயேதான் அடக்கம் பண்ணினோம்" என்றான். அதற்கப்புறம், ஊரில் எல்லோரும் கேட்கிறபடி, "சாப்பிட்டியா?" என்று கேட்டுவிட்டு வைத்தான்.

சாப்பிட்டாள். சாப்பிட்டு வந்து உட்கார்ந்ததும்தான் அந்தச் சத்தம்.

கர்ர்ர்ர்... தட்.

இப்போது அது கூடத்திலிருந்து வந்தது. சுவரோரமாகப் போயிற்று, சோபாவுக்கு அடியில் நுழைந்து மழுங்கிக் கேட்டது, மறுபக்கம் வெளிவந்தது. அவசரமில்லாமல், ஒரு மூலையையும் விடாமல் தேடுகிற சத்தம். லுப்னா நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். மழைக்கு முந்தைய மண்வாடை ஜன்னல் வழியாக வந்துகொண்டிருந்தது. அதற்கு அடியில் வேறொரு வாடை, மெஷின் எண்ணெயும் புதுத்துணியின் கஞ்சியும் கருகின ரப்பரும் கலந்த வாடை, மெதுவாக அறைக்குள் ஏறிக்கொண்டிருந்தது. மேசையில் காகித ஊக்குகள் போட்டு வைத்த கிண்ணம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஊக்குகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, கிண்ணத்தின் ஒரு பக்கமாக, கூடத்துப் பக்கமாக, ஒண்டி நின்றன.

அப்போதுதான் முதல் தடவையாக உடம்புக்குள் அந்த இழுப்பை உணர்ந்தாள். விரலில் இல்லை. முழங்கைக்கு மேலே, தோளை ஒட்டி. வலிகூட இல்லை. உள்ளே சின்னதாக ஒன்று, தூக்கத்தில் புரண்டு படுக்கிற மாதிரி, திரும்பிக்கொண்டது.

போனை எடுத்தாள். மொக்செத்தின் நம்பர் மேலேயே இருந்தது. விரலை அதன்மேல் கொண்டுபோனதும் சத்தம் நின்றுவிட்டது.

வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. தெருவில் ரிக்‌ஷா மணிகூட இல்லை. ஊக்குகள் சரிந்து கிண்ணத்தின் நடுவில் விழுந்தன. கூப்பிட்டுச் சொல்லிவிடு. என் விரலில் குத்தியது, நான்தான் உட்கார்ந்திருந்தேன், அவள் எனக்காகப் பொய் சொன்னாள். சொல்லிவிடு லுப்னா. அவ்வளவுதான் கேட்கிறார்கள், வேறொன்றும் கேட்கவில்லை. அவளுக்கு அழுகை வந்தது. சொல்லத்தான் நினைத்தாள், சத்தியமாகச் சொல்லத்தான் நினைத்தாள். ஆனால் சொன்னால் நாளைக்கே ஸ்டேஷனில் பாரூல் யார் என்று கேட்பார்கள். பத்திரிகையில் வரும். சார் என்ன சொல்வார்? முதலில் சாரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவோம் என்று தோன்றியது. நாளைக் காலையில் கேட்கலாம். நாளைக்குத்தானே விசாரணை.

போனை மேசையில் வைத்துவிட்டாள்.

கர்ர்ர்ர்.

வாசற்படி. தட். அறைக்குள் வந்துவிட்டது.

கரண்ட் போயிற்று. மேகம் இறங்கி ஜன்னலை அடைத்துக்கொண்டதில் மதியமே இருட்டிவிட்டது. மடிக்கணினியின் வெளிச்சத்தில் மொசைக் தரை ஈரம்போல் மினுங்கியது. தரையில் ஒன்றுமில்லை. ஒன்றுமே இல்லை. ஆனால் மேசைக்காலைச் சுற்றிக்கொண்டு சத்தம் போயிற்று. அவள் காலடியைத் தொட்டுக்கொண்டு போயிற்று. பாதத்தில் சில்லென்று.

கட்டிலில் தாவி ஏறினாள். சுவரோடு ஒட்டிக்கொண்டாள். முழங்காலைக் கட்டிக்கொண்டாள்.

சத்தம் கட்டிலுக்கு அடியில் நுழைந்தது. நுழையும்போது துணி தரையில் உரசியது. முழங்கை ஊன்றியது. மூச்சு வாங்கியது. குனிந்து தவழ்கிற ஒருத்தியின் மூச்சு.

கட்டிலின் விளிம்புக்கு வெளியே, தரையில், இரண்டு பாதங்கள். வெடித்த குதிகால். ஒட்டியிருந்த நூல்.

இழுப்பு தோளைவிட்டு நகர்ந்தது. உள்ளே. மெதுவாக. அக்குளைக் கடந்து, விலாவைக் கடந்து. காந்தம் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம். அது நின்றால் இதுவும் நின்றது. அது திரும்பினால் இதுவும்.

"என்கிட்டதான் இருக்கு" என்றாள் லுப்னா. மறுபடியும் சொன்னாள். "என்கிட்டதான் இருக்கு ஆபா. அப்பவே தெரியும். அப்பவே எனக்குத் தெரியும். நான் சொல்லிடறேன், நாளைக்கு வந்து சொல்லிடறேன்."

அடியில் மூச்சு நின்றது.

"அப்படியா?" என்றது ஜொஹுராவின் குரல். கோபமே இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. குழாயடியில் இடம் பிடித்து வைத்துவிட்டுக் கூப்பிடுகிற அதே குரல். "அதான் தரையில எங்கயும் கிடைக்கல. சரி, அசையாதே ஆபா. எடுத்துடறேன். அப்புறம் நீ போய்ச் சாப்பிடு."

கட்டிலின் விளிம்பில் ஒரு கை ஏறியது. இறுக மூடிய கை. விரலிடுக்கெல்லாம் ஈரமண். விரல்களுக்கு நடுவில் கறுப்பாகக் காந்தம்.

லுப்னாவின் போன் அடித்தது. திரையில் மொக்செத். அது ஒரு கை எட்டும் தூரத்தில், மேசையில், அடித்துக்கொண்டே இருந்தது. அவள் கை நகரவில்லை.

காந்தம் போர்வைமேல் அவளை நோக்கி ஊர்ந்து வந்தது. அவள் குனிந்து தன் நெஞ்சைப் பார்த்தாள். கழுத்தெலும்புக்குக் கீழே, இடப்பக்கம், தோல் ஒரு புள்ளியில் மெல்ல மேலெழும்பிக்கொண்டிருந்தது, அடியிலிருந்து ஊசி ஏறும்போது துணி எழும்புகிற மாதிரி.